உள்நாட்டில் செய்த 18,500 ரூபாய் மடக்குக் கத்தி: அந்த விலைக்குத் தகுமா?

கேள்வி: அடையாறு முகத்துவாரம்

அன்பர்களுக்கு வணக்கம். நம் நாட்டிலேயே ஒரு சிறிய பட்டறை வரைந்து, அறுத்து, பதம் போட்டு விற்கும் மடக்குக் கத்தி ஒன்றை வாங்கலாமா என்று இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். விலை 18,500 ரூபாய். அலகு 85 மி.மீ. நீளம், முதுகில் 3.5 மி.மீ. தடிமன், ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்து எம்390 எஃகு, கைப்பிடி டைட்டானியம், பூட்டு ஃப்ரேம் லாக், அச்சில் பேரிங். கடினம் ராக்வெல் சி அளவில் 60 முதல் 61 வரை என்று பெட்டியோடு வரும் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

என் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருமுறை உடைந்த பாலத்துப் பக்கம் தூண்டில் போடப் போவேன். மற்ற நாள்களில் பழம் நறுக்கவும், பார்சல் பிரிக்கவும், கயிறு அறுக்கவும் கத்தி வேண்டும். முதல் எட்டு ஆண்டுகள் பிரான்சின் ஓப்பினல் எட்டாம் எண் கத்தி வைத்திருந்தேன். மரக் கைப்பிடி என்பதால் ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பருத்து அலகை இறுக்கிக்கொள்ளும். கைப்பிடியின் பின்முனையைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அலகின் நுனி வெளியே தலைகாட்டும். அதன் பிறகு ஸ்வீடனின் 14சி28என் எஃகில் செய்த இறக்குமதிக் கத்தி ஒன்றை வாங்கினேன். அது இன்றுவரை குறையில்லாமல் உழைக்கிறது. ஆகவே எனக்குக் கத்தி இல்லாத குறை ஏதும் இல்லை; நம் ஊர்க் கைகள் செய்த நல்ல பொருள் ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்கிற ஆசைதான் காரணம்.

மயிலாப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்தக் கத்தியை வாங்கியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை என்னிடம் விட்டுவைத்தார். முதுகுப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காதைச் சுட்டுவிரலால் தட்டினால் அலகு கரகரப்பே இல்லாமல் எழுந்து, டக்கென்ற ஒரே ஒலியோடு நிற்கிறது. திறந்த நிலையில் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைத்துப் பார்த்தேன். துளியும் ஆட்டம் இல்லை. பங்கனப்பள்ளிப் பழத்தின் தோலை ஒரே சுருளாக எடுத்துவிட்டது. ஆனால் கிளிமூக்கு மாங்காயைத் துண்டு போடும்போது பாதி வழியிலேயே காய் பிளந்துகொண்டது. அறுத்த பரப்பு வழவழப்பாக இல்லாமல் உடைந்ததுபோல் இருந்தது. மூடிய நிலையில் அலகு நடுவில் நிற்காமல் இடப்பக்கத் தகட்டை ஒட்டி, ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளியோடு நிற்கிறது. இருபது முப்பது முறை திறந்து மூடிய பிறகு பூட்டு சற்று ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலால் அழுத்தித்தான் விடுவிக்க முடிந்தது.

இந்த விலையில் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாமா, எம்390 எஃகு கடலோரப் புழக்கத்துக்குத் தாங்குமா, இந்த நீளத்துக் கத்தியைச் சென்னையில் பையில் வைத்துக்கொண்டு நடமாடுவதில் சட்டச் சிக்கல் உண்டா என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பட்டரவாக்கம் உலை

ஐயா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 22 ஆண்டுகளாக எஃகுக்குப் பதம் போடும் வேலையில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு எஃகின் பெயரை மட்டும் வைத்து யாராலும் விடை சொல்ல முடியாது; எந்தச் சூட்டில் இளக்கினார்கள், அதாவது கடினமாக்கிய எஃகின் நொறுங்கும் குணம் குறைய மறுபடி எவ்வளவு சூடாக்கினார்கள், என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

எம்390 தூள் எஃகு. உருகிய எஃகைத் துளிகளாகச் சிதறடித்துத் தூளாக்கி, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். அதனால் கார்பைடு மணிகள் பொடியாகவும் சீராகவும் பரவி நிற்கும். கார்பன் 1.9 விழுக்காடு, குரோமியம் 20, வனேடியம் 4. இருபது விழுக்காடு குரோமியம் இருந்தால் துருவே அண்டாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பெரும் பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். துருவைத் தடுப்பது எஃகின் உடலில் கரைந்து நிற்கும் மிச்சக் குரோமியம்தான். அந்த மிச்சத்தை உலையில் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது. 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெற்றிட உலையில் நைட்ரஜனை அழுத்தத்தோடு பாய்ச்சிக் குளிர்வித்து, பிறகு 200 முதல் 300 டிகிரிக்குள் இளக்கினால் துரு தாங்கும் வலிமை நன்றாக இருக்கும். அதையே 540 டிகிரி அளவில் இளக்கினாலும் கடினமானி ஏறத்தாழ அதே எண்ணைக் காட்டும். ஆனால் அந்தச் சூட்டில் நுண்ணிய கார்பைடுகள் புதிதாகப் பிறந்து, கரைந்திருந்த குரோமியத்தையும் இழுத்துக்கொள்ளும். அட்டையில் இரண்டுக்கும் 60 என்றே அச்சிடலாம். உப்புத் தண்ணீர் பட்ட பிறகுதான் வேறுபாடு தெரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2016இல் எனக்கென்று டி2 என்னும் கருவி எஃகில் ஒரு மடக்குக் கத்தி அலகு அறுத்தேன். எங்கள் உலையில் அப்போது வேலை நெருக்கடி என்பதால் வெளியே ஓரிடத்தில் பதம் போடக் கொடுத்தேன். அவர்கள் அச்சு, பஞ்ச் முதலியவற்றுக்குப் பதம் போட்டே பழகியவர்கள். வழக்கப்படி 520 டிகிரியில் இளக்கித் தந்தார்கள். கடினம் 59 காட்டியது, எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. சித்திரை மாதம் இரண்டு வாரம் அந்தக் கத்தி வியர்வையோடு என் சட்டைப்பையில் கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால் அலகெங்கும் கடுகு தெளித்ததுபோல் கரும்புள்ளிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பின்னும் புள்ளி இருந்த இடமெல்லாம் குழிகளாக நின்றன. அதே தகட்டில் மிஞ்சிய துண்டிலிருந்து மற்றோர் அலகு அறுத்து, எங்கள் உலையிலேயே 200 டிகிரியில் இளக்கினேன். அது இன்றும் என் மேசையில் இருக்கிறது. இரவில் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை, புள்ளி விழவில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலைக்குள் 20 அலகு வைத்தாலும் 200 அலகு வைத்தாலும் மின்சாரச் செலவிலும் நைட்ரஜன் செலவிலும் பெரிய வேறுபாடு இருக்காது. எஃகு ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது. சிறிய அளவில் வாங்குபவருக்குத் தள்ளுபடி கிடைக்காது. டைட்டானியம் வெட்டும்போது சூடு சில்லுகளோடு வெளியேறாமல் வெட்டுளியின் முனையிலேயே தங்கிவிடுவதால் உளிகள் விரைவில் தேய்கின்றன. இவ்வளவையும் சில நூறு கத்திகளின் தலையில் ஏற்றினால் 18,500 என்பது கொள்ளை விலை என்று எனக்குத் தோன்றவில்லை. எஃகு வெளிநாடு என்பதால் இதை உள்நாட்டுக் கத்தி என்று சொல்லக் கூடாது என்று சிலர் வாதாடுவார்கள். கத்தியைக் கத்தியாக்குவது அறுப்பதும், பதம் போடுவதும், பொருத்துவதும்தான். அவை இங்கே நடந்திருந்தால் அது நம் கத்திதான் என்பது என் கருத்து.

இளக்கிய சூடு எவ்வளவு என்று அந்தப் பட்டறைக்கு எழுதிக் கேளுங்கள். நேரடியாக ஓர் எண் வந்தால் நம்பலாம். நண்பர் சம்மதித்தால் கத்தியை இங்கே கொண்டுவாருங்கள். நானே கடினம் பார்த்துச் சொல்கிறேன். ராக்வெல் கருவியில் வைரக் கூம்பு 150 கிலோ சுமையோடு அழுத்துவதால் ஊசிமுனை அளவில் ஒரு குழி விழும். கைப்பிடிக்குள் மறையும் அலகின் அடிப்பகுதியில் வைத்தால் அது வெளியே தெரியாது.

மறுமொழி: வேளச்சேரி ஏரி

பூட்டு ஒட்டிக்கொள்வதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதன்மையான குறையாகத் தெரிகிறது. ஃப்ரேம் லாக்கில் கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியையே கீற்றாக அறுத்து, வில்லாக உள்ளே வளைத்து, அலகின் பின்புறத்துக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். கிறிஸ் ரீவ் தம் செபென்சா கத்தியில் கொண்டுவந்த அமைப்பு இது. கை இறுக்கிப் பிடிக்கும்போது பூட்டும் சேர்ந்து இறுகுவது இதன் சிறப்பு. ஆனால் டைட்டானியத்துக்கு எஃகோடு உரசினால் இழைந்து ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் பூட்டின் முகப்பில் கடின எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிப் பொருத்துகிறார்கள். உங்கள் நண்பரின் கத்தியில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

2022இல் வேறோர் உள்நாட்டுப் பட்டறையின் முதல் தொகுதியில் 9,000 ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கினேன். வந்த அன்று பூட்டு முகப்பு அலகின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டு நின்றது. அது சரியான நிலைதான். எஃகுத் துண்டு இல்லாததால் முகப்பு தேய்ந்து, ஐந்தே மாதத்தில் பூட்டு அடுத்த பக்கத் தகட்டைத் தொடும் அளவுக்கு நகர்ந்துவிட்டது. பிறகு மேல்கீழ் ஆட்டம் வந்தது. ஒருநாள் தடித்த அட்டைப்பெட்டியில் அலகு சிக்கிக்கொள்ள, வெளியே இழுக்கும்போது பூட்டு நழுவி அலகு மடிந்தது. விரல் வழியில் இல்லாததால் தப்பித்தேன். அந்த அச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். வாதம் செய்யாமல் கத்தியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். 18 நாளில் பூட்டுப் பக்கத் தகட்டையே புதிதாக மாற்றி, எஃகுத் துண்டு பொருத்தி, எங்கே தவறு நேர்ந்தது என்று கையால் எழுதிய தாளையும் வைத்து அனுப்பினார்கள். வெளிநாட்டுக் கத்தியாக இருந்திருந்தால் கடல் கடந்து அனுப்பும் செலவை நினைத்தே பேசாமல் இருந்திருப்பேன். செய்தவரை அழைத்துத் தமிழிலேயே குறையைச் சொல்ல முடிகிறது என்பதற்காக நான் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பேன். ஆனால் முதல் தொகுதியில் மட்டும் இனி வாங்க மாட்டேன்.

அலகு நடுவில் நிற்காததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அச்சுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பிடித் திருகுகளை ஒரே சீராக மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் பெட்டியில் வரும் அட்டையை நானும் பார்த்தேன். கொடுமணலின் உருக்கு மரபு தொடர்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கொடுமணலில் உருக்கு செய்ததற்கு அகழாய்வுச் சான்று இருப்பது நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் ஆஸ்திரியத் தூள் எஃகில் செய்த அலகுக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தேவையில்லை. பேரிங் ஓடும் பள்ளத்தை அவ்வளவு வழவழப்பாகக் குடைந்தவர்களுக்குச் சொந்தப் பெருமையே போதும்.

மறுமொழி: பெசன்ட் நகர் மாடித்தோட்டம்

கிளிமூக்கு மாங்காய் பிளந்ததில்தான் எனக்கு இந்தக் கத்தியின் உண்மையான குறை தெரிகிறது. எஃகைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் எழுதிய பெரியவர்கள் இருவரும் வாயின் தடிமனைப் பற்றிச் சொல்லவில்லை.

கத்தி அறுப்பது வாயின் கூரால் மட்டும் அன்று. கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் அறுக்கிறது. கூர் தொடங்கும் கோட்டுக்கு நேர் மேலே வெர்னியரில் அளந்து பாருங்கள். என்னிடம் உள்ள பதியன் கத்தியில் 0.3 மி.மீ. இருக்கிறது, கொய்யாக் கிளையில் சாய்வாக வைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் கண்ணாடிபோல் வெட்டு விழுகிறது, பட்டை கசங்குவதில்லை. அந்த இடத்தில் 0.7 மி.மீ. இருக்கும் கத்தி எவ்வளவு விலையுயர்ந்த எஃகில் செய்ததாக இருந்தாலும் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிக் காயைப் பிளக்கும். மாம்பழத் தோலில் இந்தக் குறை தெரியாது. இறுகிய மாங்காயிலும் கேரட்டிலும் உடனே தெரிந்துவிடும். உயர்விலைக் கத்திகளை உறுதியாகக் காட்டுவதற்காகவே அலகைத் தடித்துவிடுவது பல தயாரிப்பாளர்களிடம் நான் காணும் வழக்கம். இவர்களிடம் 0.35 அளவுக்கு மெலிதாகத் தேய்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். சிறிய பட்டறை என்பதால் செய்து தர வாய்ப்பு உண்டு. பெரிய நிறுவனத்திடம் இப்படிக் கேட்கவே முடியாது.

தீட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். வனேடியம் கார்பைடு நம் கடைகளில் கிடைக்கும் இரட்டைப்பக்கக் கார்போரண்டம் கல்லைவிடக் கடினமானது. அந்தக் கல்லில் எம்390ஐத் தீட்டினால் மணிக்கணக்கில் தேய்க்க நேரும். பிசிறும் எளிதில் போகாது. 400, 1,000 எண்களில் இரண்டு வைரத் தகடுகள் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 முதல் 17 டிகிரி சாய்வில், தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேய்த்து, கடைசியில் தோல் வாரில் பத்து இழுப்பு இழுத்தால் போதும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் என் அரிவாள்மனையைப் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறேன். அதற்கு அவர்தான் பொருத்தமானவர். ஆனால் இந்த அலகைச் சுழலும் சாணையில் வைக்கவே கூடாது. மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறி நீலம் பாரித்துவிட்டால், உலையில் அவ்வளவு கவனமாகப் போட்ட பதம் அந்த இடத்தில் போய்விடும்.

மறுமொழி: பாரிமுனை வழக்கறிஞர்

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்கென்று செய்தவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. 85 மி.மீ. என்பது மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. ஆகவே அந்த வரம்புக்கு வெகுதூரம் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் டெல்லிக்குப் போகும்போது கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பொத்தான், வில் முதலிய விசையால் திறக்கும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் தடை என்று டெல்லி நிர்வாகம் 1980இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் கத்தி விரலால் தட்டித் திறப்பதுதான் என்றாலும், அந்த வேறுபாட்டைச் சாலையோரத்தில் நின்று ஒரு காவலருக்கு விளக்கும் நிலை வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சென்னையில் தூண்டில் பெட்டிக்குள் தூண்டிலோடு வைத்திருங்கள். எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பது பார்த்தவுடன் புரியும். கூட்டம், ஊர்வலம், திருவிழா நடக்கும் இடங்களுக்கு எந்தக் கத்தியையும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

மறுமொழி: அடையாறு முகத்துவாரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் பட்டறையின் பதிலுக்காகக் காத்திருந்தேன். உலைக்காரர் ஐயா கேட்கச் சொன்னதற்கு நேரான விடை வந்திருக்கிறது: 200 டிகிரியில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம். முதல் தொகுதியில் பூட்டு முகப்பில் எஃகுத் துண்டு இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். தை மாதம் வரும் இரண்டாம் தொகுதியில் அது இருக்குமாம். முதல் தொகுதி வாங்கியவர்கள் அனுப்பினால் செலவில்லாமல் பொருத்தித் தருவார்களாம். இதை நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.

வெர்னியரில் அளந்தேன். மாடித்தோட்டம் அம்மா சொன்னது சரி; வாய்க்கு மேலே 0.65 மி.மீ. இருக்கிறது. 0.35 என்று கேட்டதற்கு, 0.4 வரை மெலிதாக்கித் தருகிறோம், அதற்கும் கீழே போனால் எலும்பில் பட்டு வாய் சிதறினால் பொறுப்பேற்க இயலாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் மீனின் முள்ளை இந்தக் கத்தியால் வெட்டப் போவதில்லை. ஆகவே 0.4க்குச் சம்மதித்து, இரண்டாம் தொகுதியில் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

கடினம் பார்க்க நண்பர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை வரலாமா, ஐயா?

மறுமொழி: பட்டரவாக்கம் உலை

தாராளமாக வாருங்கள். இரண்டு முறை இளக்குவது எம்390க்குச் சரியான முறைதான். அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு நிறைவாக இருந்தது. காலை 11 மணிக்குள் வந்தால் கருவி ஓய்வாக இருக்கும். கத்தியைக் கழற்ற வேண்டும் என்பதால் டி6, டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளிகளை எடுத்துவாருங்கள். எங்களிடம் இருப்பவை எல்லாம் பெரிய அளவுகள். பேரிங் குண்டுகள் சிதறாமல் இருக்க ஒரு வெள்ளைத் துணியை நான் எடுத்துவைக்கிறேன்.